12 மணி நேர டியூட்டி நர்ஸ்களுக்குப் பிடிக்கிறதா?

கேள்வி: தங்கை பி.எஸ்சி. நர்சிங் முடித்திருக்கிறாள். சென்னையில் இரண்டு தனியார் மருத்துவமனைகளில் வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. ஒன்றில் மூன்று ஷிப்ட். இன்னொன்றில் காலை 8 முதல் இரவு 8 வரை, இல்லையென்றால் இரவு 8 முதல் காலை 8 வரை. சீனியர்களில் பாதிப் பேர் 12 மணி நேரம்தான் வசதி என்கிறார்கள், மீதிப் பேர் அந்தப் பக்கமே போகாதே என்கிறார்கள். நர்ஸ்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள்? அவள் எதை எடுப்பது?

பதில்:

அந்த சீனியர்களில் இரண்டு தரப்பினருமே உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர்கள் பேசுவது ஒரே டியூட்டியைப் பற்றி இல்லை. "12 மணி நேரம்" என்பது பாதிக் கணக்குதான். வாரத்தில் எத்தனை நாள் அந்த 12 மணி நேரம் என்பது மீதிக் கணக்கு. அதைக் கேட்காமல் நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் அரசு மருத்துவமனை நர்ஸுக்கு வாரம் 37.5 மணி நேர ஒப்பந்தம். அங்கே "லாங் டே" என்பது பெரும்பாலும் 12.5 மணி நேரம். இடைவேளைக்கான ஒரு மணி நேரத்தைக் கழித்தால் சம்பளக் கணக்கில் 11.5. நாலு வாரத்துக்கு 150 மணி நேரம் என்பதால் 13 ஷிப்ட் பார்த்தால் கணக்கு முடிந்துவிடும். 28 நாளில் 13 நாள் டியூட்டி, 15 நாள் ஓய்வு. அமெரிக்காவிலும் வாரத்துக்கு மூன்று 12 மணி நேர ஷிப்ட், மொத்தம் 36 மணி நேரம் என்பதுதான் பரவலான வழக்கம். வெளிநாடு போய் வந்த அக்கா "12 மணிதான் சூப்பர்" என்று சொன்னால் அவர் மனதில் இருப்பது இந்த 12.

நம் ஊர்த் தனியார் மருத்துவமனைகள் பலவற்றில், குறிப்பாக 100 படுக்கைக்குக் குறைந்த இடங்களில், 12 மணி நேரம் என்றால் வாரத்தில் ஆறு நாளும் 12 மணி நேரம். அதாவது வாரம் 72. நாலு வாரத்தில் 24 ஷிப்ட், 288 மணி நேரம். இங்கிலாந்து நர்ஸ் அதே நாலு வாரத்தில் மருத்துவமனைக்குள் இருப்பது இடைவேளையையும் சேர்த்து 162.5 மணி நேரம். இரண்டுக்கும் பெயர் "லாங் ஷிப்ட்"தான். ஒன்று வேலையைச் சில நாட்களில் குவித்து, மீதி நாட்களை நர்ஸுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. மற்றது எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை.

நிர்வாகங்கள் இரண்டு ஷிப்டை ஏன் விரும்புகின்றன என்பதற்கும் இந்தக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. ஒரு இடத்தில் 24 மணி நேரமும் ஒரு நர்ஸ் நிற்க வேண்டுமென்றால் வாரத்துக்கு 168 மணி நேரம் நிரப்ப வேண்டும். எல்லா வார்டும் சேர்ந்து எந்நேரமும் 20 நர்ஸ் தேவைப்படும் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு வாரம் 48 மணி நேரம் என்றால் 70 பேர் வேண்டும். 72 மணி நேரம் என்றால் 47 பேர் போதும். 23 பேர் சம்பளம் மிச்சம். அதே 12 மணி நேர ஷிப்டை வெளிநாட்டு முறையில் வாரம் 36 மணி நேரமாக நடத்தினால் 94 பேர் தேவைப்படும். ஆகவே நீண்ட ஷிப்ட் தன்னால் மலிவாகிவிடுவதில்லை. ஆஃப் நாட்களை வெட்டுவதால்தான் மலிவாகிறது. இன்டர்வியூவில் "எங்கள் இடத்தில் இன்டர்நேஷனல் மாதிரி 12 மணி ஷிப்ட்" என்று சொன்னால் இந்தக் கணக்கை மனதில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி, பிடிக்கும் என்பவர்கள் சொல்லும் காரணங்கள். அவை அற்பமானவை இல்லை.

முதல் காரணம் ஊர். சென்னையில் வேலை பார்க்கும் நர்ஸ்களில் பலர் தென்மாவட்டங்களிலிருந்தும் டெல்டாவிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள். நாகர்கோவிலுக்கு 700 கிலோமீட்டர், போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி. வாரத்துக்கு ஒரே ஒரு ஆஃபை வைத்துக்கொண்டு அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது. மூன்று ஆஃப் சேர்ந்தாற்போல் வந்தால்தான் பஸ் ஏற முடியும். ஆஃபைச் சேர்த்துத் தரும் 12 மணி நேர ரோஸ்டர் (டியூட்டி அட்டவணை) என்றால், கல்யாணமாகாத இளம் நர்ஸ்கள் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் எடுப்பார்கள்.

இரண்டாவது காரணம் வெளியே இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. மூன்று ஷிப்டில் குழந்தை உள்ள நர்ஸ் அதிகம் வெறுப்பது பெரும்பாலும் மதிய டியூட்டியைத்தான், நைட்டுக்கூட அதற்கு அடுத்தபடிதான். பிள்ளை பள்ளியிலிருந்து வருமுன் அம்மா வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். டியூட்டி முடிந்து ஓவர் கொடுத்து (நோயாளிகளின் நிலையை அடுத்த நர்ஸிடம் சொல்லி ஒப்படைத்து), பஸ் பிடித்து, வீடு வந்து சேரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். ஒரு வாரம் முழுக்க ஒரே வீட்டில் இருந்தும் பேசிக்கொள்ள முடியாது. இரவு 9, 9.30-க்கு இறங்கினால் பஸ் ஸ்டாப்பில் தனியாக நிற்கும் பயம் வேறு. "12 மணி நேரம் பார்த்தாலும் பரவாயில்லை, மறுநாள் முழுசாக வீட்டில் இருப்பேன்" என்று அவர்கள் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, வேலையின் நிறைவு. காலையில் ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பிய நோயாளியை மயக்கம் தெளிந்து, வலி அடங்கி, முதல் வாய் தண்ணீர் குடிக்கும் வரை ஒரே நர்ஸ் பார்ப்பது நோயாளிக்கும் நல்லது, நர்ஸுக்கும் மனசுக்கு இதமானது. ஓவர் கொடுக்கும் இடங்களில்தான் தகவல் நழுவும். மூன்று ஷிப்டில் ஒரு நாளைக்கு மூன்று ஓவர், இரண்டு ஷிப்டில் இரண்டே ஓவர்.

இவ்வளவும் உண்மை. இதன் மறுபக்கத்தை அமெரிக்காவில் நாலு மாநிலங்களில் 22,275 நர்ஸ்களிடம் நடத்தி 2012-இல் வெளியான ஆய்வு நன்றாகக் காட்டியது. நூற்றுக்கு 80 பேருக்கு மேல் தங்கள் ரோஸ்டர் திருப்தி என்றார்கள். ஆனாலும் ஷிப்ட் நீள நீள, மனச்சோர்வும் வேலையை விட்டுவிட நினைப்பதும் கூடியது. 13 மணி நேரத்துக்கு மேல் பார்ப்பவர்கள் அதிகம் இருந்த மருத்துவமனைகளில் நோயாளிகளின் அதிருப்தியும் கூடியிருந்தது. ரோஸ்டர் பிடித்திருப்பதும் அந்த ரோஸ்டர் ஆளைக் கரைப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும். உங்கள் தங்கைக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் முதல் ஆறு மாதம் உடம்பு தாங்கும். அப்போது எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தோன்றும்.

ஒரு பகல் டியூட்டி எப்படிப் போகும் என்று சொல்கிறேன். 8 மணி டியூட்டிக்கு 7.40-க்காவது வார்டில் இருக்க வேண்டும். படுக்கை படுக்கையாக ஓவர் எடுக்க 20 முதல் 30 நிமிடம். எந்த ட்ரிப்ஸ் ஓடுகிறது, வென்ஃப்ளான் (நரம்பில் செருகும் ஊசிக்குழாய்) போட்டு எத்தனை நாள், சிறுநீர்ப் பையில் எவ்வளவு, எந்த ரிப்போர்ட் வரவில்லை என்று ஒவ்வொன்றாக. அடுத்து பி.பி., பல்ஸ், டெம்பரேச்சர், ஆக்சிஜன் அளவு. 8 மணி ஊசிகள். 9 முதல் 11 வரை டாக்டர்களின் ரவுண்ட்ஸ். நாலு கன்சல்டன்ட் நாலு நேரத்தில் வருவார்கள், ஒவ்வொருவருடனும் நின்று ஆர்டர் வாங்க வேண்டும். 11-லிருந்து டிஸ்சார்ஜ் வேலை: பில்லிங், இன்சூரன்ஸ், மருந்து திருப்புவது, சம்மரி வாங்குவது. காலி ஆன படுக்கை ஒரு மணி நேரத்தில் நிரம்பிவிடும். 2 மணி மருந்து, டியூப் ஃபீட், கேஸ் ஷீட் எழுதுவது. மாலை ஓ.பி. தொடங்கினால் 6 மணிக்குமேல் அட்மிஷன் குவியும்.

கடைசி வரியைக் கவனியுங்கள். 8 மணி நேர ஷிப்டில் மாலை அட்மிஷனைப் பார்ப்பவர் மதியம் வந்த புதிய ஆள். 12 மணி நேர ஷிப்டில் அதைப் பார்ப்பது பத்து மணி நேரமாக நின்றுகொண்டிருப்பவர். புது அட்மிஷன் என்றால் வென்ஃப்ளான் போடுவது, ரத்தம் எடுப்பது, அலர்ஜி கேட்பது, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளைக் குறிப்பது என எதையும் அரைமனதோடு செய்ய முடியாத வேலை. அது நாளின் மிகக் களைத்த நேரத்தில் வந்து விழுகிறது. அதே நேரத்தில் நோயாளியின் சொந்தக்காரர்களும் வேலை முடிந்து வந்து "சிஸ்டர், இப்போ எப்படி இருக்கு?" என்று ஆளுக்கொரு முறை கேட்பார்கள். ஏழாவது ஆளுக்குப் பதில் சொல்லும்போது குரலில் எரிச்சல் ஏறிவிடும். காலையில் அதே கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னவர்தான். வீட்டுக்குப் போனபின் நர்ஸை உறுத்துவது பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்ன விஷயங்கள்தான்.

அதைவிட உறுத்துவது, செய்யாமல் விட்ட வேலை. ஆள் குறைந்து நேரம் நீளும்போது ஊசியும் மருந்தும் விடுபடுவதில்லை, அதற்குக் கையெழுத்து வேண்டும். விடுபடுவது கணக்கில் வராதவை: இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைப்பது, வாய் சுத்தம் செய்வது, வீட்டுக்குப் போகும் நோயாளிக்கு இன்சுலின் போடும் முறையைப் பொறுமையாகக் காட்டுவது, பயந்திருப்பவர் பக்கத்தில் இரண்டு நிமிடம் உட்கார்வது. நர்சிங் படிப்பில் கற்றுக்கொடுத்ததில் பாதி இவைதான். "பேஷன்டைப் பார்க்கவே இல்லை, சார்ட்டைத்தான் பார்த்தேன்" என்ற புலம்பலை எந்த வார்டிலும் கேட்கலாம். நல்ல நர்ஸ்கள் வேலையை விட்டுவிட இந்தக் குற்ற உணர்ச்சியே பல நேரம் காரணமாகிறது.

உடம்பு என்று பார்த்தால் கால், இடுப்பு, வயிறு, சிறுநீர்ப்பாதை என்று பழுது வரும். மாலையில் கணுக்கால் வீங்கி சாக்ஸ் தடம் பதியும். சில வருடங்களில் நரம்பு சுருட்டிக்கொள்ளும். இடுப்பு வலி தூக்குவதால் மட்டும் வருவதில்லை. படுக்கை உயரத்தை ஏற்றாமல் குனிந்தே டிரஸ்ஸிங் செய்வதாலும் வரும். அவசரத்தில் யாரும் படுக்கையை உயர்த்தும் கைப்பிடியைச் சுற்றுவதில்லை. பாத்ரூம் போக முடியாது என்று தண்ணீரையே குறைப்பது மிகப் பரவலான பழக்கம். அதனால் வரும் சிறுநீர்த் தொற்றும் அவ்வளவு பரவலானது.

இரவு 12 மணி நேரம் வேறு உலகம். மனித உடலின் வெப்பமும் விழிப்பும் மிகக் குறைந்திருப்பது ஏறத்தாழ அதிகாலை 3 முதல் 5 மணி வரை. வார்டு வேலையோ சரியாக அப்போதுதான் ஏறும். 4 மணிக்கு ஸ்பாஞ்ச் (படுக்கையிலேயே உடம்பு துடைத்துவிடுவது), 5 மணிக்கு ரத்த சாம்பிள், 6 மணிக்கு 24 மணி நேர இன்டேக்-அவுட்புட் (உள்ளே போன, வெளியே வந்த திரவம்) கூட்டல், ட்ரெயின் குழாயில் வடிந்த அளவு, சுகர் பார்த்து இன்சுலின், காலை ஊசிகள், ஓவர் எழுதுவது. மூளை அடியில் கிடக்கும்போது கணக்குப் போடும் வேலைகள் எல்லாம் ஒன்றாக வருகின்றன.

எங்கே தவறும் என்பதையும் சொல்ல வேண்டும், பயமுறுத்துவதற்காக இல்லை. நம் நாட்டில் இன்சுலின் வயல் (மருந்துக் குப்பி) பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட். இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜும் சில வயல்களும் ஒரு மில்லியில் 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் 10 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 25 யூனிட். பகல் 10 மணிக்குக் கண்ணில் படும் மூடி நிறம், 22 மணி நேரமாக விழித்திருப்பவர் கண்ணில் படாது. பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூல் பார்வைக்கு ஸ்டெரைல் வாட்டர்போலவே இருக்கும். கரைக்காமல் நேராக நரம்பில் போனால் இதயம் நின்றுவிடும். அதனால்தான் அதை மற்ற ஆம்ப்யூல்களோடு ஒரே தட்டில் வைக்கவே கூடாது. 393 நர்ஸ்களின் 5,317 ஷிப்டுகளைக் குறிப்பேட்டில் எழுதவைத்து 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 12.5 மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து வேலை பார்த்தபோது தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்கானது. அட்டவணையில் என்ன நேரம் போட்டிருக்கிறது என்பதைவிட, உண்மையில் எத்தனை மணிக்கு வார்டை விட்டு இறங்கினார் என்பதே அங்கே முக்கியம்.

இது ரிலீவர் (அடுத்த ஷிப்டுக்கு வந்து நம்மை விடுவிக்க வேண்டியவர்) பிரச்சினையில் கொண்டுபோய் விடுகிறது. என் கணிப்பில், நர்ஸ்களின் கசப்புக்கு 12 என்ற எண்ணைவிட இதுவே பெரிய காரணம். 8 மணிக்கு இறங்கலாம் என்று தெரிந்தால் மனசு 12 மணி நேரத்தை அளந்து தாங்கிக்கொள்ளும். 7.45-க்கு இன்சார்ஜ் சிஸ்டர் வந்து "அவள் லீவு போட்டுட்டா, நீ கொஞ்சம் பாரு" என்றால் அந்த அளவு உடைந்துவிடும். நோயாளியை விட்டுவிட்டுப் போகவும் முடியாது, அது தொழில் தர்மத்துக்கே விரோதம். இந்த மனசாட்சியை நம்பித்தான் பல இடங்கள் ரோஸ்டரே போடுகின்றன. ஆள் வராத ஷிப்டுக்கென்று தனியாக இருப்பு வைப்பதில்லை. இந்திய நர்சிங் கவுன்சிலின் பழைய அளவுகோலிலேயே இருக்கிறது: கல்லூரி மருத்துவமனை பொது வார்டில் 3 படுக்கைக்கு ஒருவர், மற்றவற்றில் 5 படுக்கைக்கு ஒருவர் வேலைப் பட்டியலில் இருக்க வேண்டும், அதற்கு மேல் விடுப்புக்காக 30 சதவீதம் கூடுதல். முன்னே சொன்ன 70 பேர், இந்த 30 சதவீதத்தைச் சேர்த்தால் 91. அந்த 21 பேர் இல்லாத இடத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் இன்னொருவருக்கு டபுள் டியூட்டி.

அரசு மருத்துவமனைகளில் வேறு வகைச் சுமை. பல இடங்களில் பகலில் ஆறு மணி நேரம் வீதம் இரண்டு ஷிப்ட், இரவு மட்டும் 12 மணி நேரம். நேரம் குறைவுதான், ஆனால் 40 படுக்கை வார்டுக்கு இரவில் ஒரே ஸ்டாஃப் நர்ஸ் என்பதும், தரையில் பாய் போட்டுப் படுத்திருக்கும் நோயாளிகள் அந்த 40-இல் சேராதவர்கள் என்பதும் அங்கே வழக்கம். ஆனாலும் நர்ஸ்கள் அரசு வேலைக்கு ஏங்குவதற்குக் காரணம் நிரந்தரமும் விடுப்பும் ஓய்வு நேரமும். 2015-இல் ரூ. 7,700 தொகுப்பூதியத்தில் சேர்ந்த ஒப்பந்தச் செவிலியர்கள், பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்தில் போராட்டமாக உட்கார்ந்ததும் அதற்காகத்தான்.

தனியார் மருத்துவமனை பற்றி ஒரு தகவல் எல்லா நர்ஸுக்கும் தெரிந்திருக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதன்பேரில் மத்திய சுகாதார அமைச்சகம் அமைத்த குழு, சம்பளத்துக்கு அளவு வகுத்தது. 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசு நர்ஸுக்குச் சமம். 100-க்கு மேல் என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50-க்குக் கீழே என்றாலும் ரூ. 20,000-க்குக் குறையக் கூடாது. வேலை நேரம், விடுப்பு, போக்குவரத்து, தங்குமிடம் ஆகியவையும் அரசு நர்ஸுக்கு உள்ளபடியே இருக்க வேண்டும் என்றது. இது பரிந்துரை. மாநிலம் ஆணையாக்கினால்தான் கையில் பிடித்துக் கேட்க முடியும். ஆனாலும் சம்பளம் பேசும்போது "நியாயமான அளவு" என்ன என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

இனி, 12 மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் எப்படிப் பார்ப்பது.

நைட்டுக்கு முன் பகல் தூக்கம் கட்டாயம். முதல் நைட்தான் மோசமானது, ஏனென்றால் காலை 7-க்கு எழுந்து பகலெல்லாம் துணி துவைத்துவிட்டு அப்படியே டியூட்டிக்கு வருவார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தால் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவர் அளவுக்கு இறங்கும் என்று 1997-இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் உச்சம் 0.03. காலை 7-க்கு எழுந்தவருக்கு நள்ளிரவு 12-க்கே அந்த 17 மணி நேரம் முடிந்துவிடுகிறது. மதியம் 2-லிருந்து 4-க்குள் ஒன்றரை மணி நேரம் தூங்கினாலே இந்தக் கணக்கு மாறும்.

காபி முன்னிரவில் மட்டும். காபியின் வீரியம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். அதிகாலை 4 மணிக்குக் குடித்தது காலை 9-க்குப் படுக்கையில் புரளவைக்கும். 2 மணிக்குமேல் வெந்நீரோ மோரோ போதும். சாப்பாடு 11 மணிக்குள், இட்லியோ தயிர்சாதமோ அளவாக. பிரியாணியும் பரோட்டாவும் 3 மணிக்குக் கண்ணைக் கட்டும். இடைவேளை கிடைத்தால் 20 நிமிடம் கண்ணயரலாம், அலாரம் வைத்து. 40, 50 நிமிடம் ஆழ்ந்துவிட்டால் எழுந்தபின் அரைமணி நேரம் தலை தெளியாது. எவ்வளவு தூங்கினாலும் எழுந்து முகம் கழுவி, ஒரு சுற்று நடந்து, பதினைந்து நிமிடம் கழித்துத்தான் ஊசியைத் தொட வேண்டும்.

மருந்து விஷயத்தில் ஒரே விதி: இன்சுலின், ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுப்பது), பொட்டாசியம், மார்ஃபின், பம்பில் ஓடும் பி.பி. மருந்து, இவற்றுக்கு இரண்டாவது ஆள் தானே தனியாகக் கணக்குப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். "10 யூனிட் சரிதானே?" என்று கேட்டால் களைத்தவர் தலையாட்டிவிடுவார். "எத்தனை யூனிட் வருது பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். பி.பி.யைப் பார்த்த நேரத்திலேயே சார்ட்டில் எழுத வேண்டும். 6 மணிக்கு உட்கார்ந்து ராத்திரி முழுவதற்கும் பி.பி. நிரப்புவது பல இடங்களில் பழக்கம். ஏதாவது நடந்து கேஸ் ஷீட் வெளியே போனால் முதலில் மாட்டுவது அந்தக் கையெழுத்துதான்.

ஷூ மாலையில் வாங்க வேண்டும், கால் வீங்கியிருக்கும் அளவுக்கு. முழங்கால் வரை அழுத்தும் சாக்ஸை எழுந்தவுடன் வீக்கம் ஏறுமுன் போட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீர் இரண்டு மணிக்கொரு டம்ளர். பாத்ரூம் போவதற்குப் பக்கத்து நர்ஸிடம் "என் மூன்று பேஷன்டையும் அஞ்சு நிமிஷம் பாரு" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

டபுள் டியூட்டி கட்டாயமானால், முடியாது என்று சண்டைபோடுவதைவிட நிபந்தனை கேட்பது பலன் தரும்: அதிகக் கவனிப்பு தேவைப்படும் நோயாளியை வேறொருவருக்கு மாற்றுங்கள், இரண்டு மணி நேரம் படுக்க இடம் கொடுங்கள், எத்தனை மணிக்கு ஆள் வரும் என்று சொல்லுங்கள். டியூட்டி நீட்டிக்கப்பட்ட நேரத்தை ரிப்போர்ட் புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். எழுதாத ஓவர்டைமுக்குச் சம்பளமும் வராது, தவறு நடந்தால் களைப்பும் கணக்கில் வராது.

நைட் முடிந்து ஹாஸ்டல் வந்தால் 9.30-க்குள் படுக்கை. வெயில் கண்ணில் படாமல் வர வேண்டும், கறுப்புக் கண்ணாடியோ குடையோ உதவும். அறைத் தோழிகள் வேறு ஷிப்டில் இருந்தால் தூக்கம் துண்டுதுண்டாகும். ஒரே ஷிப்டில் இருப்பவர்களை ஒரே அறையில் போடச் சொல்லி வார்டனிடம் கேட்பது காசில்லாத தீர்வு, ஆச்சரியப்படும் அளவுக்கு இதை யாரும் கேட்பதில்லை. வீட்டில் இருந்து போகும் நர்ஸுக்கு இதைவிடக் கஷ்டம். நைட் முடிந்து வந்தவருக்கு, "வீட்டில்தானே இருக்கிறாள்" என்று சமையலும் துணியும் காத்திருக்கும். அவளுக்கு அந்தப் பகல்தான் ராத்திரி என்பதைக் குடும்பம் புரிந்துகொள்ளாவிட்டால் எந்த ரோஸ்டரும் உதவாது. அண்ணனாகவோ அக்காவாகவோ நீங்கள் செய்யக்கூடிய முதல் உதவி, நைட் வாரத்தில் காலை 9 முதல் மதியம் 3 வரை அவளுக்கு போன் செய்யாமல் இருப்பது, மற்றவர்களையும் செய்யவிடாமல் இருப்பது.

இரண்டில் எதை எடுப்பது என்பதற்கு, சேரும் முன் இந்தக் கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். போன மாதம் உண்மையில் ஓடிய ரோஸ்டரைக் காட்ட முடியுமா? மாதத்துக்கு எத்தனை ஆஃப்? நைட் முடிந்து காலை 8-க்கு இறங்கும் நாளையே வீக் ஆஃப் என்று கணக்கு வைப்பார்களா? வைத்தால் அது ஆஃப் இல்லை, தூங்கும் நாள். தொடர்ந்து எத்தனை நைட்? மூன்று, நாலு என்றால் சரி. 15 நாள், ஒரு மாதம் என்று சொன்னால் யோசிக்க வேண்டும். ஒரு டியூட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே 11 மணி நேரமாவது கிடைக்குமா? வார்டில் ஒரு ஷிப்டுக்கு எத்தனை நோயாளி, ஐ.சி.யு.வில் வென்டிலேட்டர் நோயாளிக்குத் தனி நர்ஸ் உண்டா? ரிலீவர் வராவிட்டால் யார் பார்ப்பார்கள், அதற்குக் காசா, மாற்று ஆஃபா? பாண்ட் (இத்தனை காலம் வேலையை விடமாட்டேன் என்ற ஒப்பந்தம்) உண்டா? ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டால் நகல் மட்டும் கொடுக்க வேண்டும். இவற்றில் பாதிக்கு மழுப்பலான பதில் வந்தால் அதுவே பதில். முடிந்தால் இரவு 8 மணிக்கு அந்த மருத்துவமனை வாசலில் நின்று, பகல் நர்ஸ்கள் எத்தனை மணிக்கு வெளியே வருகிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். 8.20-க்கு வந்தால் ரோஸ்டர் உண்மை. 9.15-க்கு வந்தால் அங்கே 12 மணி நேர டியூட்டி என்பது 13 மணி நேரத்துக்கும் மேல்.

மாதம் 14, 15 டியூட்டிக்குள் 12 மணி நேரம் என்றால் தைரியமாக எடுக்கலாம், முக்கியமாக ஊர் தூரமாக இருந்தால். 24, 26 டியூட்டி என்றால் மூன்று ஷிப்ட் இடத்தையே எடுக்கட்டும், சம்பளம் இரண்டாயிரம் மூவாயிரம் குறைந்தாலும். மணிக் கணக்கில் வகுத்துப் பார்த்தால் அது குறைவே இல்லை: மாதம் 26 டியூட்டிக்கு 12 மணி வீதம் 312 மணி நேரத்துக்கு ரூ. 20,000 என்றால் மணிக்கு 64 ரூபாய், 8 மணி வீதம் 208 மணி நேரத்துக்கு ரூ. 17,000 என்றால் மணிக்கு 82 ரூபாய்.

எதை எடுத்தாலும், நைட் முடிந்து காலையில் ஸ்கூட்டியில் வர வேண்டாம். பகல் தூக்கம் இல்லாமல் வந்த நைட் என்றால் அப்போது அவள் விழித்து 25 மணி நேரம் ஆகியிருக்கும். பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ வரட்டும்.